காதுக்கு இமை இல்லை

கண்ணுக்கு இமை உண்டு. ஒளி மிகுந்தால் அது தானாகவே மூடிக்கொள்ளும். இரவெல்லாம் மூடியே இருக்கும். காதுக்கோ அத்தகைய இமை இல்லை. நாம் உறங்கினாலும் அது விழித்திருக்கிறது. வேண்டிய ஒலி, வேண்டாத ஒலி என்ற வேறுபாடின்றி எல்லாவற்றையும் உள்ளே விட்டுவிடுகிறது. இக்குறையை ஈடுசெய்ய மனிதன் செய்துகொண்ட சிறு கருவியே செவியடைப்பான். கடைகளில் ‘இயர் பிளக்’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

சுண்டுவிரல் நுனியளவே உள்ள இப்பொருளைப் பற்றி ஒரு கட்டுரை தேவையா என்று வாசகர்கள் எண்ணலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருப்பேன். எங்கள் பங்கிலுள்ள ஒரு நெசவுக் குடும்பத்தில் நான் கண்டது என் எண்ணத்தை மாற்றியது.

சத்தம் வருகிறது, பேச்சு வரவில்லை

எங்கள் பங்கு விசைத்தறிகள் நிறைந்த கொங்குநாட்டுப் பகுதியில் உள்ளது. இங்கே வீடு சந்திக்கச் செல்லும் குருவானவர், முதலில் தறிகளை நிறுத்தச் சொன்னால்தான் செபம் சொல்ல முடியும். பல வீடுகளில் முன்னறையில் குடும்பமும் பின்னறையில் தறிகளும் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றன. கணவர் தறி ஓட்டுவார். மனைவி அருகிலேயே அமர்ந்து தார் சுற்றுவார். குழந்தை அந்த இரைச்சலிலேயே உறங்கும்.

ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் முதிய பெண்மணி ஒருவர் தம் கணவரைப் பற்றி என்னிடம் முறையிட்டார். “நாங்க பேசறது எதுவும் இவருக்குக் கேக்கறதில்லைங்க சாமி. கேட்டா, ‘எங்காது நல்லாத்தான் இருக்குது, நீங்கதான் வாய்க்குள்ளயே முணுமுணுக்கறீங்க’ன்னு எங்க மேலயே கோபிச்சுக்கறாரு.”

அவர் 35 ஆண்டுகள் தறி ஓட்டியவர். கோயிலில் எப்போதும் முதல் வரிசையில் அமர்பவர். மறையுரை காதில் விழுகிறதா என்று குரலை உயர்த்திக் கேட்டேன். அவர் சற்றுத் தயங்கிவிட்டு, “சத்தம் வருதுங்க சாமி. பேச்சுத்தான் வரமாட்டேங்குது” என்றார்.

மருத்துவ நூலொன்றின் முழு அதிகாரத்தை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். இரைச்சலால் கெடும் செவி முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வுடைய ஒலிகளையே. ‘கடை’, ‘தடை’, ‘படை’, ‘சடை’ என்ற நான்கு சொற்களையும் சொல்லிப் பாருங்கள். அவற்றைப் பிரித்துக் காட்டுவது முதல் எழுத்தின் மெய்யொலி மட்டுமே. இலக்கணத்தில் வல்லினம் எனப் பெயர் பெற்ற இவ்வொலிகள், செவியளவில் மிக மெலிந்தவை. அவை தேய்ந்துவிட்டால் நான்கு சொற்களும் ஒன்றே போலக் கேட்கும். குரல் கேட்கும், சொல் விளங்காது. எதிரே இருப்பவர் முணுமுணுப்பதாகத் தோன்றும். பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் இவ்வாறே முதலில் மங்கிப்போகும்.

அவ்வீட்டில் ஐந்து வயதுப் பேத்தி ஒருத்தி இருக்கிறாள். பள்ளியிலிருந்து வந்ததும் தாத்தாவிடம்தான் அன்றைய கதையெல்லாம் சொல்வாளாம். அவர் புன்னகையோடு தலையசைத்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் அவள் ஏதோ கேள்வி கேட்டிருக்கிறாள், அதற்கும் தலையசைத்திருக்கிறார். “தாத்தா எதச் சொன்னாலும் தலையாட்டறாரு” என்று சொல்லிவிட்டு எழுந்து போனவள், அதன்பின் அவரிடம் கதை சொல்வதில்லை. காது கெடுவதென்றால் ஓசை குறைவது மட்டுமென எண்ணிவிடலாகாது. வீட்டுக்குள்ளேயே ஒருவர் மெல்ல மெல்லத் தனியராகிவிடுகிறார்.

உள்ளே நிகழ்வது என்ன?

நமது உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்ட உறுப்பொன்று உள்ளது. அதனுள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 நுண்ணிய உணர் செல்கள் இருக்கின்றன. அவற்றின் தலையிலுள்ள மயிரிழைகள் ஒலியதிர்வுக்கு ஏற்ப அசைந்து செய்தியை நரம்புக்கு அனுப்புகின்றன. காற்றடிக்கும்போது நெற்பயிர் சாய்ந்து நிமிர்வதைக் கண்டிருக்கிறோம். புயலில் வேரோடு சாய்ந்த பயிர் நிமிர்வதில்லை. இவ்விழைகளின் நிலையும் அதுவே. அளவான ஒலியில் அசைந்து மீள்கின்றன. பேரொலி தொடர்ந்தால் செல்களே மடிந்துபோகின்றன. பறவைகளுக்கு இச்செல்கள் மீண்டும் வளர்கின்றன. மனிதருக்கு வளர்வதில்லை. இழந்தது இழந்ததே.

வேலை முடிந்து வெளியே வரும்போது காது அடைத்தாற்போல் இருப்பதும், இரவில் உள்ளே ‘கீங்’ என்று இரைவதும் செவி தரும் எச்சரிக்கைகள். காலையில் சரியாகிவிட்டது என்று நாம் அதை மறந்துவிடுகிறோம். நாள்தோறும் நிகழ்ந்தால் ஒருநாள் அது சரியாவதில்லை.

ஒலியின் வன்மையை டெசிபெல் என்ற அளவால் குறிக்கின்றனர். இருவர் இயல்பாகப் பேசுவது ஏறத்தாழ 60 டெசிபெல். இக்கணக்கு நம் சாதாரணக் கூட்டல் கணக்கைப் போன்றதன்று. 3 டெசிபெல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இருமடங்காகிவிடும். ஆகவே தாங்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபெலில் 8 மணி நேரம் இருக்கலாம். 88 ஆனால் 4 மணி. 91 ஆனால் 2 மணி. 94 ஆனால் 1 மணி. 97 ஆனால் அரை மணி நேரம் மட்டுமே. நாடா ஓடும் விசைத்தறிக் கூடங்களில் 95 முதல் 100 டெசிபெல் வரை இருப்பது வழக்கம். எங்கள் ஊரில் தறிக்காரர் ஒரு நாளில் நிற்பதோ 12 மணி நேரம்!

பழைய நோய், புதிய கருவி

இஃது இன்று நேற்று அறியப்பட்ட செய்தியன்று. இத்தாலிய மருத்துவர் இரமாசினி, ஓயாது செம்பு அடிக்கும் கன்னார்கள் காலப்போக்கில் செவிடாவதைப் பற்றி 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினார். 1886-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற மருத்துவர், கப்பல்களுக்குக் கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரின் செவியைச் சோதித்தார். அவர்களுள் ஒருவருக்குக்கூட இயல்பான செவித்திறன் இல்லை. ஒப்பீட்டுக்காக அவர் தபால்காரர்களையும் சோதித்தார். பொதுக்கூட்டத்தில் பேச்சைக் கேட்க இடர்ப்படுவோர் தபால்காரருள் மிகச் சிலரே. கொதிகலன் தொழிலாளருள் பெரும்பாலோர் இடர்ப்பட்டனர். எங்கள் முதியவர் முதல் வரிசையில் அமர்ந்தும் மறையுரை விளங்காமல் தவிப்பதற்கும், கிளாஸ்கோ தொழிலாளரின் துன்பத்துக்கும் வேறுபாடு எதுவுமில்லை.

காதை அடைத்துக்கொள்ளும் வழியும் பழையதே. கிரேக்கக் காப்பியத்தில் மாலுமிகள் தேன்மெழுகால் காதை அடைத்துக்கொண்ட கதை உண்டு. 1907-இல் பெர்லின் நகரின் மருந்தாளர் மாக்ஸ் நெக்வர், மெழுகும் பஞ்சும் கலந்து ‘ஓரோபாக்ஸ்’ என்ற செவியடைப்பானை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ‘காதுக்கு அமைதி’ என்பது அப்பெயரின் பொருள். நசுக்கினால் சுருங்கி, மெல்ல விரிந்து, காதுத் துளையின் வடிவத்தையே ஏற்கும் நுரைப்பஞ்சு அடைப்பான் 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெளிவந்தது. இன்று மருந்துக் கடைகளில் மஞ்சளாகவோ ஆரஞ்சு நிறமாகவோ நாம் காண்பது பெரும்பாலும் அதன் வழிவந்ததே.

ஆணியில் தொங்கிய உறை

முதியவரின் மகன் இப்போது அதே தறிகளை ஓட்டுகிறார். முப்பதை எட்டாத இளைஞர். நான் அவ்வீட்டுக்குச் சென்றபோது தறிக்கூடத்தின் கதவருகே ஓர் ஆணியில் நுரைப்பஞ்சு அடைப்பான்கள் அடங்கிய உறை ஒன்று தூசி படிந்து தொங்கியது. யாரோ சொல்லி வாங்கியிருக்கிறார், பயன்படுத்தவில்லை. காதில் கொஞ்சம் பஞ்சு மட்டும் வைத்திருந்தார்.

காரணம் கேட்டேன். மூன்று காரணங்கள் சொன்னார். “ஒரு மணி நேரம் வெச்சிருந்தாக் காது வலிக்குதுங்க சாமி. அப்பறம், யாராச்சும் கூப்பிட்டாத் தெரியறதில்லை. தறியில நூல் அறுந்தாலோ நாடா சரியாப் போகலைன்னாலோ சத்தத்துலதான் கண்டுபிடிக்கணும். இதை வெச்சா அதுவும் போயிருதுங்க.”

இவற்றை வீண் சாக்குகள் எனத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தந்தையையும் மகனையும் அருகிலுள்ள நகரத்தில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இருவருக்கும் செவித்திறன் சோதனை நடந்தது. மருத்துவர் இரு தாள்களையும் அருகருகே வைத்துக் காட்டினார். தந்தையின் தாளில், 4,000 அதிர்வுக்கு அருகே கோடு பெரும் பள்ளமாக இறங்கி, பேச்சுக்குரிய பகுதியையும் விழுங்கியிருந்தது. மகனின் தாளிலும் அதே இடத்தில் ஒரு சிறு பள்ளம் இருந்தது. “இவ்வளவு சிறிய பள்ளம் ஒருகாலத்தில் உங்கள் அப்பாவுக்கும் இருந்திருக்கும்; அப்போது யாரும் பார்க்கவில்லை” என்றார் மருத்துவர். அந்த இளைஞர் வெகுநேரம் பேசவில்லை.

பிறகு மருத்துவர் அவர் கொண்டுவந்த அடைப்பானை வைத்துக் காட்டச் சொன்னார். அதை உருட்டாமலே துளையின் வாயில் வைத்து விரலால் அமுக்கினார். பாதிக்கு மேல் வெளியே நின்றது. உள்ளே போகாத அடைப்பான் காதைக் காப்பதில்லை. வாயிலில் நின்று அழுத்துவதால் வலி மட்டுமே தரும். மேலும் அவருடைய இடக்காதின் துளை வலக்காதினும் குறுகலானது. இரு காதுக்கும் ஒரே அளவு பொருந்தும் என நாம் எண்ணுவது தவறு. காதுத் துளை ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கே இருபுறமும் மாறலாம். பெண்களுக்குப் பொதுவாகச் சிறியதாக இருக்கும். இடக்காதில் சிறிது குறும்பியும் சேர்ந்திருந்தது. அதை மருத்துவரே அகற்றினார்.

எதைத் தேர்வது?

நுரைப்பஞ்சு வகை மலிவானது. சரியாக வைத்தால் மிகுந்த காப்புத் தருவது. ஆனால் ஒவ்வொரு முறையும் தூய கையால் உருட்டி வைக்க வேண்டும். எண்ணெயும் அழுக்கும் படிந்த கையோடு அடிக்கடி கழற்றி மாட்டுவோருக்கு இது ஏற்றதன்று. அழுக்கடைந்தால் எறிந்துவிட வேண்டும்.

சிலிக்கோன் அல்லது மென்ரப்பரால் ஆன அடுக்கு வகை இரண்டாவது. சிறு குடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போலிருக்கும். உருட்ட வேண்டியதில்லை, காம்பைப் பிடித்துச் செருகலாம், சோப்பு நீரில் கழுவிப் பல மாதங்கள் பயன்படுத்தலாம். பெரிது, சிறிது என அளவுகளில் கிடைப்பதால் பார்த்து வாங்க வேண்டும். இருபுறமும் கயிற்றால் இணைத்தவை தொலைந்துபோவதில்லை. கழற்றினால் கழுத்தில் தொங்கும். ஆனால் சுழலும் எந்திரத்தின் அருகே கயிறு சிக்கும் அபாயம் உண்டாதலால், அதைச் சட்டைக்குள் இட்டுக்கொள்ள வேண்டும்.

மெழுகு, மென்சிலிக்கோன் உருண்டைகள் உறங்குவதற்கு நல்லவை. ஆலை இரைச்சலுக்குப் போதுமானவை என்று நம்பிவிடக் கூடாது. அவரவர் காதை அச்செடுத்துச் செய்யும் அடைப்பானும் உண்டு. விலை மிகுதியெனினும் நெடுங்காலம் உழைக்கும். இசைக்கலைஞருக்கென எல்லா ஒலிகளையும் ஒரே அளவாகக் குறைக்கும் அடைப்பான் 1988-இல் வந்தது. பாண்டு வாத்தியக்காரருக்கும் பாடகர் குழுவினருக்கும் அது பொருத்தம். காதின்மேல் கிண்ணம்போல் கவியும் செவிமூடி, மாட்டவும் கழற்றவும் எளிது. ஆனால் நம் வெயிலில் வியர்த்துக் கொட்டும்.

வெறும் பஞ்சு? அது காப்பன்று, காத்துக்கொண்டோம் என்ற மனநிறைவு மட்டுமே தரும்.

உறையின்மேல் ‘என்.ஆர்.ஆர்.’ என்றோ ‘எஸ்.என்.ஆர்.’ என்றோ ஓர் எண் இருக்கும். அஃது ஆய்வுக்கூடத்தில், பயிற்சி பெற்றவர் கச்சிதமாக வைத்தபோது கிடைத்த காப்பின் அளவு. தறிக்கூடத்தில் அது முழுமையாகக் கிட்டாது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறையினர் என்.ஆர்.ஆர். எண்ணிலிருந்து 7-ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்கிக் கணக்கிடுவதுண்டு. உறையில் 33 என்றிருந்தால், 7 போக 26. அதில் பாதி 13. எனவே 97 டெசிபெல் இரைச்சல் காதுக்குள் 84 ஆகக் குறையும் என எதிர்பார்க்கலாம். ஒழுங்காக வைத்தால் இன்னும் குறையும்.

அதற்காக எண் பெரிதாக இருப்பதே சிறந்தது என்றும் கொள்ளலாகாது. காதுக்குள் எட்டும் ஒலி 75 முதல் 80 டெசிபெல் அளவில் இருப்பது நலம். அதற்கும் கீழே வெகுவாகக் குறைத்தால் மனிதன் தீவில் விடப்பட்டவன் போலாகி, எரிச்சலுற்று, அடைப்பானைக் கழற்றி எறிந்துவிடுகிறான்.

சுகமும் காப்பும் வேறல்ல

இங்கேதான் நான் கற்ற முதன்மையான பாடம் உள்ளது. சுகமாக இருப்பது வேறு, பயன் தருவது வேறு. மருந்து கசப்பதுபோல் இதுவும் கொஞ்சம் வலித்தால்தான் நல்லது என நம்மவர் நினைக்கின்றனர். கணக்கு அவ்வாறு சொல்லவில்லை.

30 டெசிபெல் காக்கும் விலையுயர்ந்த அடைப்பானை ஒருவர் 8 மணி நேர வேலையில் அணிந்து, வலி தாளாமல் அரை மணி நேரம் மட்டும் கழற்றி வைக்கிறார் எனக் கொள்வோம். அன்றைய நாளில் அவருக்குக் கிட்டிய காப்பு ஏறத்தாழ 12 டெசிபெல் மட்டுமே! பாதி நேரம் கழற்றி வைத்தாலோ வெறும் 3 டெசிபெல். ஓட்டை வழியே புகுந்த வெள்ளம் எஞ்சிய கரையின் உயரத்தைப் பொருட்படுத்துவதில்லை அன்றோ! 15 டெசிபெல் மட்டுமே காக்கும் எளிய அடைப்பானை நாள் முழுதும் கழற்றாமல் அணிபவர் இவரினும் பாதுகாப்பாக இருக்கிறார்.

ஆகவே, சிறந்த அடைப்பான் எது என்ற கேள்விக்கு விடை இதுவே: காலையில் வைத்து, வேலை முடியும்வரை கழற்றத் தோன்றாதது. வலிப்பது நல்லதன்று; மாற்ற வேண்டியது. இரண்டு மூன்று வகைகளைச் சில இணைகள் மட்டும் வாங்கி, ஒவ்வொன்றையும் சில நாள் அணிந்து பார்த்த பிறகே ஒன்றை முடிவு செய்ய வேண்டும். செருப்பு வாங்கும்போது கடையிலேயே இரண்டடி நடந்து பார்க்கிறோம். காதுக்கும் அத்தனை கவனம் வேண்டும்.

இளைஞரின் மற்ற இரு குறைகளுக்கும் மருத்துவர் விடை சொன்னார். பேரிரைச்சலின் நடுவே, செவி நன்றாக உள்ளவருக்கு அடைப்பான் பேச்சை மறைப்பதில்லை. இரைச்சலும் பேச்சும் சேர்ந்தே குறைவதால் செவி திணறாமல் பிரித்தறிகிறது. ஆனால் அடைப்பான் அணிந்தவர் தம்மையறியாமல் குரலைத் தாழ்த்திவிடுவார். சற்று உரக்கப் பேசப் பழக வேண்டும். தறியின் ஓசை முதலில் அயலாகத் தோன்றும். சில நாட்களில் செவி அப்புதிய ஓசையையே பாடமாக்கிக்கொள்ளும்; நாடா தவறுவது அதிலும் தெரியும். ஏற்கெனவே செவி மந்தமானவருக்கு மட்டும் இது கடினம். கெடுவதற்கு முன்பே தொடங்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வைக்கும் முறை

நுரைப்பஞ்சு அடைப்பானை வைக்கும் முறையை அன்று நானும் கற்றேன். முதல் மூன்று முயற்சிகளில் தோற்றேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

1. கையைச் சோப்பிட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளவும்.

2. அடைப்பானை விரல்களுக்கிடையே மெல்ல உருட்டி, மடிப்பு விழாத மெல்லிய திரியாக்கவும். திரியை நனைக்கக் கூடாது.

3. வலக்காதில் வைப்பதாயின், இடக்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து வலக்காதின் மேற்பகுதியைப் பிடித்து, மேலும் பின்னுமாக இழுக்கவும். வளைந்துள்ள காதுத் துளை இதனால் நேராகும். பெரும்பாலோர் செய்யாமல் விடுவது இதைத்தான்.

4. திரியை உடனே உள்ளே செலுத்தி, விரல் நுனியால் 20 முதல் 30 வினாடி வரை பிடித்துக்கொள்ளவும். அதற்குள் அது விரிந்து துளையை நிரப்பும்.

5. சோதித்துப் பார்க்கவும். இரைச்சல் உள்ள இடத்தில் இரு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக மூடித் திறக்கவும். பெரிய வேறுபாடு தெரியாவிட்டால் சரியாகப் பொருந்தியிருக்கிறது. வேறுபாடு தெரிந்தால் எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவும். நம் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் ஒலிப்பதும் நல்ல அடையாளம்.

கழற்றும்போது வெடுக்கென இழுக்கக் கூடாது. காற்றழுத்தம் செவிப்பறையைத் தாக்கும். சிறிது திருகி, மெல்ல எடுக்கவும்.

காதில் சீழ் வடிபவரும், செவிப்பறையில் துளை உள்ளவரும், காது வலி உள்ளவரும் மருத்துவரைக் கேளாமல் எதையும் உள்ளே வைக்கக் கூடாது. ஒருவர் வைத்ததை மற்றவர் வைக்கக் கூடாது. கைக்குழந்தைகளுக்கு அடைப்பான் வேண்டாம். எடுத்து விழுங்கினால் மூச்சடைக்கும். அவர்களை இரைச்சலிலிருந்து அகற்றுவதே வழி. அகற்ற இயலாதபோது சிறுவர் அளவிலான செவிமூடி உதவும்.

இரைச்சலையே குறைக்க வேண்டாமா?

வேண்டும். அடைப்பான் இறுதி அரணே தவிர முதல் அரணன்று. தேய்ந்த பாகங்களை மாற்றுதல், உரிய காலத்தில் எண்ணெய் இடுதல், தறியின் கால்களுக்கு அடியில் ரப்பர் தகடு வைத்தல், தறிக்கும் உறங்கும் அறைக்கும் இடையே திண்ணிய சுவர் எழுப்புதல் ஆகியவை முதலில் வரவேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட மாதிரி விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபெல் என்று வரம்பிட்டன. ஆனால் வீட்டின் பின்னறையில் ஓடும் நான்கு தறிகளைப் பார்க்க எந்த ஆய்வாளர் வருவார்? அங்கே குடும்பத்தலைவரே ஆய்வாளராக இருக்க வேண்டும். தார் சுற்றும் மனைவிக்கும் காது உண்டு என்பதை அவர் மறந்துவிடலாகாது. மாவு அரைவை நிலையம், மரம் அறுக்கும் பட்டறை, பாத்திரப் பட்டறை ஆகியவற்றில் உழைப்போருக்கும் இது பொருந்தும்.

பிறரைச் சொல்லிவிட்டு நம்மை மறப்பதும் முறையன்று. நம் பங்குத் திருவிழாக்களில் கோபுரத்தின்மேல் கட்டும் ஒலிபெருக்கியும், தேர் புறப்படும்போது வெடிக்கும் அதிர்வேட்டும் யாருடைய செவியைத் தாக்குகின்றன? வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெலுக்கு மேற்பட்ட வெடிகள் 1999-இல் தடை செய்யப்பட்டன. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. தறி பல ஆண்டுகளில் செய்வதை அருகே வெடிக்கும் ஒரே வேட்டு ஒரு நொடியில் செய்துவிடக்கூடும். எங்கள் பங்கில் கடந்த திருவிழாவுக்கு வேட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்தோம். வேட்டு வைப்போருக்கும் பாண்டு வாத்தியக்காரருக்கும் செவியடைப்பான் வாங்கிக் கொடுத்தோம். சிலர் முகம் சுளித்தனர். திருவிழாவின் சிறப்பு அதனால் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இன்று அவ்வீட்டில்

முதியவருக்குச் செவிக்கருவி பொருத்தப்பட்டுள்ளது. அது ஓரளவு உதவுகிறது. ஆனால் இழந்த செவியைத் திருப்பித் தரவில்லை. கூட்டத்தில் இன்னும் தடுமாறுகிறார். பேத்தி அவர் எதிரே அமர்ந்து, முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறாள். கதைகள் முன்போல் நீள்வதில்லை. எனினும் மீண்டும் தொடங்கியிருக்கின்றன.

மகன் நுரைப்பஞ்சை விட்டு அடுக்கு வகைக்கு மாறினார். வலக்காதுக்கு நடுத்தர அளவு, இடக்காதுக்குச் சிறிய அளவு. முதல் வாரம் அரை மணி, ஒரு மணி எனக் கூட்டிப் பழகியதாகவும், இப்போது சாப்பிட வரும்போதும் அது காதில் இருப்பதை மறந்துவிடுவதாகவும் கூறுகிறார். ஆண்டுக்கொரு முறை செவித்திறன் சோதனை செய்துகொள்ள உறுதியளித்திருக்கிறார். அவருடைய தாளில் இருக்கும் அச்சிறு பள்ளம் இனி ஆழமாகாதிருக்க வேண்டும் என்பதே எங்கள் எல்லாருடைய விருப்பமும்.

சென்ற மாதம் வீடு சந்திக்கச் சென்றபோது, தறிக்கூடத்துக் கதவருகே அதே ஆணியைப் பார்த்தேன். கழுவி உலர்த்திய அடைப்பான்களின் சிறு டப்பா அதில் தொங்கியது. நாள்தோறும் காலையில் தறிகள் ஓடத் தொடங்கியதும் முதியவர் எழுந்து வந்து அந்த டப்பாவைத் திறந்து பார்க்கிறாராம். அது காலியாக இருந்தால் திரும்பிப் போய் அமர்ந்துவிடுவார். உள்ளே அடைப்பான்கள் இருந்தால், நேரே போய்த் தறியை நிறுத்திவிடுவார்.